பெயர் எழுதிய கைகள்

குறுந்தகடு ஒன்றைக் கணினியில் இட்ட சில நொடிகளில் அதிலுள்ள பாடல்களின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்து நிற்கின்றன. தொகுப்பின் பெயர், பாடியவர் பெயர், வெளிவந்த ஆண்டு, சில வேளைகளில் அட்டைப்படமும்கூட வந்துவிடுகின்றன. காண்போர் இவையெல்லாம் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணுவது இயல்பே. ஆனால் பெரும்பாலான இசைத் தகடுகளில் ஒலியைத் தவிரப் பெயர் என்று ஓர் எழுத்துகூடக் கிடையாது. அப்படியாயின் திரையில் வரும் பெயர் எங்கிருந்து வருகிறது?

இக்கேள்வி எனக்கு எழக் காரணம் எங்கள் பங்கு இல்லத்து அலமாரி. எனக்கு முன்பிருந்த பங்குத்தந்தையர் காலந்தொட்டுச் சேர்ந்த குறுந்தகடுகள் ஒரு பெட்டி நிறைய அதில் இருந்தன. கடற்காற்றும் ஈரமும் அவற்றை முற்றிலும் அழித்துவிடும் முன்னர்க் கணினியில் ஏற்றிவைப்போம் என்று பாடகர் குழு இளைஞர் சிலர் முன்வந்தனர். சென்னையிலும் வெளிநாட்டிலும் வெளியான தகடுகளை இட்டபோது பெயர்கள் தாமாகவே வந்தன. நம் கடற்கரை ஊர்களின் பாடகர் குழுக்கள் திருவிழாக்களுக்காகப் பதிவு செய்த தகடுகளை இட்டபோதோ, ‘அறியப்படாத கலைஞர்’, ‘அறியப்படாத தொகுப்பு’, ‘தடம் 1’, ‘தடம் 2’ என்றே வந்தது. இளைஞருள் ஒருவன் கேட்டான்: “சாமி, வெள்ளக்காரன் பாட்டுக்கெல்லாம் பேரு வருது. நம்ம ஊருப் பாட்டுக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது?”

அவனுக்கு விடை சொல்வதற்காக நான் தேடி அறிந்தவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

குறுந்தகட்டின் இலக்கணத்தை 1980இல் வகுத்தவை ஜப்பானின் சோனி நிறுவனமும் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஆகும். 1982இல் அது விற்பனைக்கு வந்தது. ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, அந்த அளவுகளை எண்களாகப் பதிப்பதே அதன் முறை. இசைத்தட்டு வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுழன்று பாடும். குறுந்தகடோ உள்விளிம்பில் தொடங்கி வெளிநோக்கிப் படிக்கப்படுவது. அந்த உள்விளிம்பில், முதற்பாடலுக்கும் முன்னால், ஒரு பொருளடக்கம் உண்டு. நூலின் பொருளடக்கத்தில் தலைப்பும் பக்க எண்ணும் இருக்கும். இதிலோ பக்க எண் மட்டுமே உண்டு, தலைப்பு இல்லை. மொத்தம் எத்தனை தடங்கள், ஒவ்வொரு தடமும் எத்தனையாவது நிமிடத்தில், எத்தனையாவது நொடியில், அந்த நொடியை 75 கூறாக்கினால் எத்தனையாவது கூறில் தொடங்குகிறது என்ற கணக்கோடு அது முடிந்துவிடுகிறது.

வகுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அன்றைய கருவிகளின் முகப்பில் தட எண்ணும் நேரமும் காட்டும் சிறு பலகணிதான் இருந்தது. பெயர் வேண்டுவோர் கையிலிருக்கும் உறையைப் பார்த்துக்கொள்வர். பெயர்களையும் தகட்டிலேயே பதிக்கும் ஏற்பாடு 1996இல் வந்தது. ஆனால் அதனைக் கையாண்ட வெளியீட்டாளரும் சிலரே. படிக்க வல்ல கருவிகளும் மென்பொருள்களும் சிலவே.

பெயரில்லாத ஒன்றை அடையாளம் காண நம் முன்னோர் கையாண்ட வழி ஒன்று உண்டு. குறுந்தொகையைத் தொகுத்தபோது சில பாடல்களைப் பாடியவர் பெயர் மறைந்து போயிருந்தது. அதனால் பாடலுக்குள் ஒளிரும் ஒரு தொடரையே பாடியவருக்குப் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்போர் அவ்வாறு பெயர் பெற்றவர்களே. நம் திருச்சபையின் சுற்றுமடல்களும் முதற்சொற்களாலேயே வழங்கப்படுகின்றன. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் எழுதியதை ‘ரேரும் நோவாரும்’ என்று அதன் முதலிரு சொற்களால் அழைக்கிறோம். பெயர் வெளியிலிருந்து கிடைக்காதபோது, பொருளின் உடலிலிருந்தே அதனை எடுத்துக்கொள்கிறோம். கணினி செய்வதும் ஏறத்தாழ இதுவே. தகட்டின் உடலிலுள்ள கணக்கைக் கொண்டே அதற்கு ஓர் அடையாள எண்ணைக் கணித்துக்கொள்கிறது.

அந்தக் கணிப்பு மிக எளியது. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு தகட்டில் மூன்று பாடல்கள் உள்ளன என்று கொள்வோம். முதலாவது 2ஆம் நொடியிலும், அடுத்தது 242ஆம் நொடியிலும், மூன்றாவது 545ஆம் நொடியிலும் தொடங்குகின்றன. எல்லாம் முடிவது 802ஆம் நொடியில். தொடக்க எண்களின் இலக்கங்களைக் கூட்டுக: 2, பின்னர் 2, 4, 2 சேர்ந்து 8, பின்னர் 5, 4, 5 சேர்ந்து 14. ஆகக் கூட்டுத்தொகை 24. பாடல்களின் மொத்த நேரம் 800 நொடி. பாடல்கள் 3. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 24 என்பது 18 என்றும், 800 என்பது 0320 என்றும், 3 என்பது 03 என்றும் எழுதப்படும். மூன்றையும் ஒட்டினால் 18032003. இதுவே அத்தகட்டின் அடையாள எண். இந்த எண்ணையும் தொடக்க நேரங்களையும் கணினி இணையத்தின் வழியே எங்கோ இருக்கும் ஒரு பேரேட்டுக்கு அனுப்பி, “இவ்வெண்ணுக்கு உரியவர் யார்?” என்று கேட்கிறது. பேரேட்டில் அவ்வெண் இருந்தால் பெயர்கள் திரும்பி வருகின்றன. இல்லையேல் ‘அறியப்படாத கலைஞர்’ என்ற விடைதான்.

மேற்சொன்ன கணக்கைக் கூர்ந்து நோக்கினால் அதிலுள்ள ஓட்டையும் புலப்படும். 242க்குப் பதிலாக 224, 545க்குப் பதிலாக 554 என்று வேறொரு தகட்டில் பாடல்கள் தொடங்கினாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 24 தான். இருவேறு தகடுகள், அடையாள எண் ஒன்று. பாடல்கள் குறைவாக உள்ள தகடுகளில் இம்மயக்கம் எளிதில் நேரும். நான் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில், மூன்றே பாடல்கள் கொண்ட நம் திருவிழாத் தகட்டை இட்டபோது, பெயர் தெரியாத ஏதோ ஓர் அயல்நாட்டு இசைக்குழுவின் பெயர் திரையில் வந்து நின்றது. உபதேசியார் வாய்விட்டுச் சிரித்தார். ஒரே ஊரில் ஒரே பெயரில் பத்து அந்தோணிகள் இருந்தால் தபால்காரர் படும் பாட்டை அறிந்தவர் அவர்.

இனி, அந்தப் பேரேட்டை எழுதியவர் யார் என்று பார்ப்போம். இவ்வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி இதுதான்.

1990களில் அமெரிக்காவில் டி கான் என்ற மென்பொருளாளர் கணினியில் குறுந்தகடு கேட்பதற்கான ஒரு நிரலை எழுதி இலவசமாக வழங்கினார். அதைப் பயன்படுத்தியோர் தத்தம் தகடுகளின் உறையைப் பார்த்துப் பாடற்பெயர்களைத் தட்டச்சு செய்து அவருக்கு அனுப்பினர். அவர் அவற்றைத் தொகுத்து அனைவருக்கும் கிடைக்கச் செய்தார். ஸ்டீவ் ஷெர்ஃப் என்பாருடன் சேர்ந்து அத்தொகுப்பு இணையத்தில் வைக்கப்பட்டபோது அதற்கு சி.டி.டி.பி. என்று பெயர். ஒருவர் தம் வீட்டில் அமர்ந்து ஒரு முறை தட்டச்சு செய்தால், உலகில் அதே தகட்டை வைத்திருக்கும் மற்ற எவரும் மறுமுறை தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கூலியும் இல்லை, புகழும் இல்லை. ஊர் கூடித் தேர் இழுத்தது போல முகமறியாத பல்லாயிரவர் சேர்ந்து இழுத்த தேர் அது.

தேர் நிலைக்கு வந்தபின் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. 1998இல் அப்பேரேடு ஒரு வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2000இல் அதன் பெயர் கிரேஸ்நோட் என மாறிற்று. 2001இல் உரிமம் பெறாத மென்பொருள்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. 2008இல் சோனி நிறுவனம் ஏறத்தாழ 26 கோடி டாலர் விலைக்கு கிரேஸ்நோட்டை வாங்கியது. அந்நிறுவனமும் உழைத்துப் பல கருவிகளைச் சேர்த்தது உண்மையே. எனினும் அதன் அடித்தளத்தில் கூலியின்றிப் பெயர் எழுதிக் கொடுத்த கைகள் இருந்தன. விலை பேசியபோது அக்கைகளை எவரும் கேட்கவில்லை.

ஆயினும் ஊர் சும்மா இருந்துவிடவில்லை. எவருக்கும் திறந்திருக்கும் ஃப்ரீடிபி என்ற மாற்றுப் பேரேடு எழுந்தது. அது 2006இல் ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் கைக்குச் சென்று, 2020இல் நிறுத்தப்பட்டது. இராபர்ட் கே என்பார் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய மியூசிக்பிரெய்ன்ஸ் இன்றும் நடக்கிறது. அதனைப் பேணுவது இலாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளை. அதன் அடிப்படைச் செய்திகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எவரும் தமக்கே உரியது என்று பூட்ட இயலாது. இலக்கக் கூட்டுத்தொகையின் மயக்கத்தைத் தவிர்க்க அது எல்லாத் தொடக்க நேரங்களையும் முழுமையாகக் கணக்கில் கொண்டு, 28 எழுத்துகள் கொண்ட அடையாளத்தை அமைக்கிறது.

இந்த எண்கணக்கு ஒரு பெரும் பொய்யையும் வெளிப்படுத்தியது. இங்கிலாந்தில் ஜாய்ஸ் ஹாட்டோ என்ற பியானோ கலைஞர் 2006இல் காலமானார். நோயுற்றிருந்த முதுமையில் அவர் வாசித்தவை என்று நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகள் அவர் கணவரால் வெளியிடப்பட்டு, விமரிசகர் சிலர் வியந்து போற்றினர். 2007 பிப்ரவரியில் ஒருவர் அவற்றுள் ஒன்றைக் கணினியில் இட்டார். லிஸ்ட் என்னும் ஹங்கேரிய இசைமேதையின் ஆக்கங்கள் அடங்கிய தகடு அது. திரையில் ஹாட்டோவின் பெயர் வரவில்லை. லாஸ்லோ சிமோன் என்ற வேறொரு கலைஞரின் பெயர் வந்தது. அடையாள எண் மயங்கக்கூடும் என்பதை மேலே கண்டோம். எனவே அதை மட்டும் நம்பாமல் ஒலியலைகளையே ஒப்பிட்டுப் பார்த்தனர். பெரும்பாலான தடங்கள் ஒன்றே என்று தெரிந்தது. பிற தகடுகளும் பிறருடைய வாசிப்பைத் திருடியவையே என்று அடுத்தடுத்து விளங்கிற்று. கணவரும் ஒப்புக்கொண்டார். உறையில் எதையும் அச்சிடலாம். ஆனால் தகட்டிலுள்ள நேரக்கணக்கு உண்மையைக் காட்டிக்கொடுத்தது. வாசித்தவரின் பெயரைப் பறித்ததே அங்கு நடந்த களவு.

இப்போது நம் இளைஞனின் கேள்விக்கு வருவோம். நம் ஊர்ப் பாட்டுக்குப் பெயர் வராததற்கு முதற்காரணம் எளியது: எவரும் எழுதவில்லை. பாடலைக் கேட்டே இனங்காணும் புதிய செயலிகளும் முன்பே ஒருவர் பெயர் சேர்த்து வைத்த பாடலைத்தான் சொல்ல வல்லவை. ஆனால் எழுத முனைந்த தமிழருக்கும் பழைய பேரேட்டில் தடைகள் இருந்தன. தமிழ் எழுத்துக்குத் தொடக்கத்தில் அங்கே இடமில்லை. உரோமன் எழுத்தில் ஒரு சொல்லை மூவர் மூவிதமாக எழுதினர். ழகரம் படாத பாடு பட்டது. எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் முறை பின்னரே வந்தது. இசை வகைகளும் பதினொன்று என்று வரையறுக்கப்பட்டிருந்தன. ராக், ஜாஸ், ப்ளூஸ், ரெகே முதலியன அவற்றுள் உண்டு. கருநாடக இசைக்கோ பக்திப் பாடலுக்கோ தனியிடம் இல்லை. நம் ஞானப்பாடல்கள் ‘நாட்டார் இசை’ என்றோ ‘பல்வகை’ என்றோதான் ஒதுங்க வேண்டும்.

இவற்றினும் பெரிய தடை வேறொன்று. அப்பேரேட்டில் தொகுப்பின் பெயருக்கு முன்னால் ‘கலைஞர்’ என்று ஒரே ஓர் இடம். ஒருவரே எழுதி, இசையமைத்து, பாடும் மேலைநாட்டுப் பாணிக்கு அது பொருந்தலாம். 2005இல் வெளிவந்த ‘திருவாசகம்’ தகட்டை எண்ணிப் பாருங்கள். சொற்கள் மாணிக்கவாசகருடையவை, நம் இராமநாதபுரத்துக்கு அருகிலுள்ள உத்தரகோசமங்கை இறைவனை அவர் மீண்டும் மீண்டும் அழைத்துப் பாடியதை நாம் அறிவோம். இசை இளையராஜாவுடையது. வாசித்தது ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. முன்னின்று வெளிக்கொணர்ந்தது ‘தமிழ் மைய’த்தின் அருட்தந்தை ஜெகத் கஸ்பார் ராஜ். சைவத் திருமறை ஒன்று கத்தோலிக்கக் குரு ஒருவரின் முயற்சியால் ஐரோப்பிய இசைக்குழுவின் நரம்புகளில் ஒலித்தது. இவர்களுள் அந்த ஒற்றை இடத்துக்கு உரியவர் யார்? யாரேனும் ஒருவரை எழுதினால் மற்றவர் மறைகின்றனர். மியூசிக்பிரெய்ன்ஸ் பேரேட்டில் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வாசித்தவர் என்று தனித்தனியே உறவு குறிக்க இடமுண்டு. தமிழ்ப் பாடலுக்கு ஏற்றது அத்தகைய ஏற்பாடே. எனினும் ‘திருவாசகம்’ போன்ற தகட்டை உலகெங்கும் உள்ள தமிழர் வாங்கினர். அதன் பெயர்களை நினைவில் வைத்திருப்போர் பலர்.

நானூறு படிகள் எடுத்து ஒரு திருவிழாவில் விற்றுத் தீர்ந்த தகட்டுக்கு அந்தப் பேறு இல்லை. எங்கள் அலமாரித் தகடுகளில் ஒன்று அத்தகையது. 2004இல் மதுரையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்யப்பட்டது. உறை தொலைந்துவிட்டது, மேற்புறத்தில் எழுதிய மை பாதி அழிந்துவிட்டது. திரையில் தடம் 1 முதல் தடம் 11 வரை எண்கள் மட்டுமே. உபதேசியாரை அழைத்து ஒவ்வொன்றாகக் கேட்கச் செய்தோம். நான்காவது பாடல் தொடங்கியதும் அவர் கையை உயர்த்தினார். அதை எழுதியவர் விசைப்படகில் கூலிக்குச் சென்றவர். 2001 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் அந்நாளில் 45 நாள். 2017இல்தான் 61 நாளாயிற்று. கடலுக்குப் போகாத அந்நாள்களில் வலை பின்னும் கொட்டகையில் அமர்ந்து பாட்டுக் கட்டுவது அவர் வழக்கமாம். அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. மீன் விற்று வாழும் அவர் மகளை வரவழைத்துப் பாடலைக் கேட்கச் செய்தோம். நின்றபடியே முழுதும் கேட்டார். பின்னர் சொன்னார்: “அப்பா பாட்டுத்தான் சாமி. திருவிழாவுக்குத் திருவிழா பாடுவாங்க. யாரு கட்டுனதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இனிமே பொட்டில அவரு பேரு வருமா?”

வரும் என்று சொன்னேன். சொன்ன சொல்லைக் காக்க அன்று மாலையே இளைஞர்கள் தட்டச்சு செய்யத் தொடங்கினர். பதினொரு பாடல்களுள் ஏழுக்கு எழுதியவர் பெயர் கிடைத்தது. எஞ்சிய நான்கின் பெயர் அறிந்தோர் அக்கம்பக்கத்து ஊர்களில் இருக்கக்கூடும், விசாரித்து வருகிறோம்.

இதனை ஏனைய பங்குகளும் செய்யலாம் என்பதால் சில குறிப்புகள். எழுதுதகட்டின் தரவு தங்கியிருப்பது மேற்புறத்துக்கு ஒட்டினாற்போல் உள்ள மெல்லிய சாய அடுக்கில். எனவே பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதுதல் தீங்கு. வெயிலும் ஈரமும் அதனினும் தீங்கு. ஒலி நயம் குன்றாத கோப்பாகப் படியெடுத்து, அக்கோப்புக்குள்ளேயே எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தமிழிலேயே பதிந்துவிடலாம். தகட்டில் இல்லாத வசதி கோப்பில் உண்டு. பின்னர் அதே செய்தியைத் திறந்த பேரேட்டுக்கும் அனுப்பலாம். துபாயிலோ சிங்கப்பூரிலோ கூலிக்குச் சென்ற நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் அத்தகட்டின் படி ஒன்றைக் கணினியில் இட்டால், அவன் ஊரின் பெயரும் அவனுக்கு அறிமுகமானவர் பெயரும் அவன் கண்முன் தோன்றும்.

இதற்கு இயந்திரம் பெரிதாக வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு போதும். வேண்டுவது பாடலைக் கேட்டதும் “இது இன்னார் கட்டியது” என்று கையுயர்த்தக்கூடிய முதியவர்களே. அவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்து அவர்கள் வீடு திரும்பும் முன், அருகில் அமர்ந்து ஒரு பாடலையேனும் பாடிக் காட்டிக் கேளுங்கள். சொல்லும் பெயரை எழுதி வையுங்கள்.